முப்பதும் ஆறும்

786
கொழும்பு, புறக்கோட்டை
15-4-1955

அன்புள்ள அக்கா ஹாஜரா பீவிக்கு, தம்பி துல்கர்னைன் ஸலாத்துடன் எழுதுவது. நான் இங்கே சுகம். வாப்பாவின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? உன் முழங்கால் வலி தேவலையா?

அக்கா, ஒரு சந்தோசமான சேதி. பானுவை இங்கே கூட்டிக்கொள்ள மனுப் போட்டிருந்தேன். ஐந்தாறு மாதத்தில் கிடைத்துவிடும் என்று முதலாளி சொல்கிறார். அவர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையும் தருவதாகச் சொல்லிவிட்டார். கல்யாணமாகி நாற்பது நாள்தான் அவளோடு இருந்தேன். போன வருசம் மாசியில் போட் மெயில் ஏறியவன், பதினாலு மாதம் ஓடிப்போயிற்று. ஜவுளிக்கடையில் பகலெல்லாம் ஊரார் பெண்டாட்டிக்குச் சேலை விரித்துக் காட்டுகிறேன், என் பெண்டாட்டி முகம் எனக்கு மறந்துவிடும் போலிருக்கிறது.

பானு சொல்வதாக நீ எழுதும் கடிதங்களில் "சுகம், சுகம்" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. உன்னிடம் சொல்லி எழுத அவளுக்கு வெட்கமாக இருக்கும். அதையும் குறையாகச் சொல்லவில்லை.

உம்மா மவுத்தான பிறகு என்னை வளர்த்தவள் நீ. வாப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. நோன்பு பிறக்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. பெருநாளைக்கு இரண்டு சேலை பார்சலில் வரும். பச்சை பானுவுக்கு. மற்றது உனக்கு.

வாப்பாவுக்கு ஸலாம்.

தம்பி,
துல்கர்னைன்

*

786
தென்காசி
8-6-1955

கண்ணான தம்பிக்கு, நீண்ட ஆயுளைக் கேட்டு துஆச் செய்யும் அக்கா எழுதிக்கொண்டது. வாப்பாவுக்கு இரைப்பு குறைந்திருக்கிறது. என் முழங்காலை நீ விசாரித்ததே போதும், பாதி வலி போய்விட்டது.

நோன்பும் பெருநாளும் நல்லபடியாகக் கழிந்தன. சேலைகள் வந்தன. பச்சையை பானு கட்டினாள். "மற்றதை" நான் கட்டினேன். கொழும்புச் சேதியை வாப்பாவிடம் சொன்னேன். "புருசன் இருக்கிற இடம்தானே பொண்டாட்டிக்கு" என்றார். பானுவிடம் சொன்னபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

உன் பெண்டாட்டியைப் பற்றிப் பெருமையாக ஒன்று எழுத வேண்டும். இந்தச் சித்திரை வெயிலில் முப்பது நோன்பையும் பிடித்தாள். விடியுமுன் சஹர் சோற்றுக்கு எங்களோடு எழுந்தாள், சாயங்காலம் எங்களோடு உட்கார்ந்து நோன்பு திறந்தாள். ஒரு நாள்கூட மருமகள் விடவில்லை என்று வாப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது போதாதென்று பெருநாள் கழிந்த மூன்றாம் நாளே ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பையும் தொடங்கிவிட்டாள். ரமலானோடு இந்த ஆறையும் சேர்த்து வைத்தால் வருசம் பூராவும் நோன்பிருந்த நன்மை என்பார்களே, அதுதான்.

நம் தெருவில் அவளோடு உடனே ஆறைத் தொடங்கியவர்கள் யார் தெரியுமா? எல்லாம் பல் போன கிழவிகள். அவர்களுக்குக் களா பாக்கி கிடையாது. எங்களைப் போன்றவர்கள் ரமலானில் விட்டுப்போன நாட்களை முதலில் திருப்பி வைத்துவிட்டுத்தானே ஆறுக்கு வர முடியும்? தம்பியிடம் எழுதுகிற விசயமில்லை, இருந்தாலும் நீ குடும்பஸ்தன். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு மாதத்தில் சில நாள் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. எனக்கே இந்த நாற்பது வயதில் ஏழு நாள் களா கிடக்கிறது. பானுவுக்கு ஒரு நாள்கூட இல்லை. கொடுத்து வைத்தவள்.

ஆறும் முடிந்த கையோடு சாரல் பிடித்துவிட்டது. வில்வண்டி பேசி ஐந்தருவிக்குப் போனோம். திரும்பும்போது இலஞ்சி விலக்கில் பானு வாந்தி எடுத்தாள். நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தேன், இன்னும் கொடுங்கள் மதினி என்று வாங்கித் தின்றாள். இப்போது சுகம்தான். நீ கவலைப்படாதே.

நீ போய்ப் பதினாறு மாதம் ஆயிற்று இல்லையா? நாள் எப்படி ஓடுகிறது பார்.

இப்படிக்கு,
அக்கா ஹாஜரா பீவி

*

கொழும்பு
20-6-1955

அக்காவுக்கு ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நல்ல சேதி எழுதியவள் கடைசியில் ஏன் மாதத்தை எண்ணினாய்? முதல் தடவை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கடையில் உரக்கப் படித்தேன். எங்கள் கடைச் சமையல்காரர் வயதானவர், ஐந்து பெண் பெற்றவர். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. ஏன் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை தம்பி, ஊருக்கு எழுதிக் கேளுங்கோ" என்றார்.

பானுவுக்கு என்ன? பட்டென்று எழுது. என்னைச் சுற்றி விடாதே.

துல்கர்னைன்

*

786
தென்காசி
2-7-1955

அன்புத் தம்பிக்கு, அக்காவின் ஸலாமும் துஆவும். வாப்பா சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு.

நான் என்ன எழுதினேன் என்று என்னைக் கேட்கிறாய்? கடுதாசி உன் கையில்தானே இருக்கிறது, எடுத்துப் பார். நோன்பு பிடித்தாள் என்று எழுதினேன். பொய்யா? வாந்தி எடுத்தாள் என்று எழுதினேன். அதுவும் பொய்யில்லை. ஒரு பெண்ணைப் பற்றி இல்லாததைச் சொன்னால் எண்பது கசையடி என்று எனக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயாக எதையாவது நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பானு நன்றாக இருக்கிறாள். உடம்பு முன்னைக்கு இப்போது பூரித்திருக்கிறது. மத்தியானம் சோறு உண்டதும் படுத்துவிடுகிறாள், நான் எழுப்புவதில்லை. சாயங்காலம் அசர் தொழுததும் தினமும் ரெபேக்காள் டீச்சர் வீட்டுக்குப் போய்வருகிறாள். டீச்சரை உனக்குத் தெரியும், அடுத்த தெருவில் மிசன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவள். ஒரு நாள், "எங்கன போயிட்டு வாறட்டி?" என்று கேட்டேன். "சும்மாதான் மதினி" என்று சிரித்தாள். சும்மா போகிறவளை நான் எதற்குத் தடுக்கப் போகிறேன்?

நல்ல குடும்பம்தான். டீச்சருக்கு அருமைநாயகம் என்று ஒரு தம்பி உண்டு. செங்கோட்டையில் ரயில்வே உத்தியோகம். தங்கமான பையன், நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. கொழும்பு மனு விசயம் எந்த மட்டில் இருக்கிறது?

அக்கா

*

கொழும்பு
18-7-1955

கடையம் பரீது அவர்களின் தங்கை ஷமீம் பானுவுக்கு.

இன்றைய தேதியில், சாட்சிகள் இருவர் முன்னால், உன்னை ஒரு தலாக் சொல்லிவிட்டேன். உன் அண்ணனுக்கும் பள்ளிவாசலுக்கும் நகல் அனுப்பியிருக்கிறேன். அண்ணன் வந்து உன்னைக் கூட்டிப்போவார். பச்சைச் சேலையை நீயே வைத்துக்கொள்.

ஏன் என்று உனக்குத் தெரியும்.

துல்கர்னைன்

*

கொழும்பு
18-7-1955

அக்காவுக்கு ஸலாம். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை.

பானுவுக்கு எழுதிவிட்டேன். மூன்று தலாக் சொல்லத்தான் வாயெடுத்தேன். இங்குள்ள ஆலிம்சா தடுத்தார். "ஒன்று போதும். இத்தா முடிவதற்குள் மனம் மாறினால் ‘மீட்டுக்கொண்டேன்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் உன் மனைவி. முடிந்துவிட்டால் உன் சொல்லுக்குப் பலமில்லை" என்றார். மூன்று மாதவிலக்குக் குளிப்பு முடியும்வரை அவள் காத்திருப்பதுதான் இத்தா. வயிற்றில் பிள்ளை இருந்தால் அந்தக் குளிப்பே வராது, எல்லாம் தெரிந்துபோகும். வந்துவிட்டால் நான்தான் பாவி, உடனே மீட்டுக்கொள்வேன்.

இதை நான் யாரிடம் கேட்க முடியும்? ஆண்பிள்ளைகளிடம் கேட்கிற விசயமா? பானு கடையத்தில் இருப்பாள். நீ பஸ் ஏறிப் போய்ப் பார். ஆனால் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு எழுதாதே. ஒரு தடவை அவசரப்பட்டுவிட்டேனோ என்று இப்போதே தோன்றுகிறது. நிச்சயமாகத் தெரிந்த பிறகு எழுது.

உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

துல்கர்னைன்

*

தென்காசி
4-8-1955

மதிப்புள்ள துல்கர்னைன் அவர்களுக்கு, ரெபேக்காள் டீச்சர் வணக்கத்துடன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். பானு கடையத்திலிருந்து அண்ணனுக்குத் தெரியாமல் பஸ்ஸில் வந்து என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இனி வருவது அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவது. சில வார்த்தைகளை என் காதோடுதான் சொன்னாள்.

மச்சான் அவர்களுக்கு பானுவின் ஸலாம். நீங்கள் சுகமா? ஏன் என்று எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. அண்ணன்தான் பள்ளிவாசல் பேச்சைக் கேட்டுவந்து முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்.

நான் முப்பது நோன்பு வைக்கவில்லை, மச்சான். இருபத்துநாலுதான் வைத்தேன். நோன்பு பிறந்து பதினோராம் நாளிலிருந்து ஆறு நாள் எனக்குத் தொழுகை இல்லை. மாமா நடுவீட்டில் படுத்திருக்கிறார். அவருக்குத் தெரியும்படி எப்படித் தின்பேன்? எல்லா வீட்டிலும் பெண்பிள்ளைகள் செய்வதைத்தான் நானும் செய்தேன். சஹருக்கு எழுந்தேன், சாயங்காலம் நோன்பு திறப்பதுபோல் உட்கார்ந்தேன். பகலில் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குக் கஞ்சி ஊற்றித் தந்தது மதினிதான். ஆறு நாளும் அவர்கள் கையால்தான் குடித்தேன்.

பெருநாள் கழிந்து நான் வைத்த ஆறும் அந்தக் களாதான். களா என்று சொன்னால் மாமாவுக்கு விட்டது தெரிந்துவிடும், ஷவ்வால் ஆறு என்று சொல்லிவிடு, கேட்கிறவர்களும் மெச்சுவார்கள் என்று மதினிதான் யோசனை சொன்னார்கள். மாமா மெச்சியபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். செய்யாத வணக்கத்துக்குப் பேர் வாங்கினேன், அது என் குற்றம்தான். வேறு குற்றம் என்னிடம் இல்லை.

குற்றாலம் போன அன்று வண்டியில் எல்லோரும் வெறும் வயிற்றில் பலாச்சுளை தின்றோம். எனக்கு முன்னால் வாந்தி எடுத்ததே மதினிதான்.

மதினியிடம் கேளுங்கள். மறந்திருந்தாலும் நான் நினைவுபடுத்தினால் சொல்லிவிடுவார்கள். எனக்காக இல்லாவிட்டாலும் உண்மைக்காக ஒரு வார்த்தை எழுதிக் கேளுங்கள். உங்கள் வார்த்தைக்காக நான் காத்திருக்கிறேன்.

ஷமீம் பானு
(எழுதியது ரெபேக்காள்)

*

கொழும்பு
17-8-1955

ரெபேக்காள் டீச்சருக்கு.

உங்கள் பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அதற்குமேல் ஒரு வரியும் படிக்கவில்லை. எந்த வீட்டைப் பற்றி என் காதுக்குச் சேதி வந்ததோ, அந்த வீட்டிலிருந்தே சாட்சிக் கடிதமும் வருகிறது. உங்கள் தம்பியிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உண்மையைச் சொல்ல எனக்கு என் அக்கா இருக்கிறாள்.

துல்கர்னைன்

*

கொழும்பு
20-9-1955

அக்காவுக்கு ஸலாம். வாப்பா சுகமா, நீ சுகமா என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு மாதமாய் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரன் வந்தால் கடையில் எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். கடையம் போனாயா? சேதி நல்லதோ கெட்டதோ, எழுது.

துல்கர்னைன்

*

கொழும்பு
16-10-1955

அக்கா,

ஊருக்குப் போயிருந்த எங்கள் கடை ஆதம் நேற்றுத் திரும்பினான். கடையத்தில் பானுவைப் பார்த்தானாம். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று தண்ணீர்க் குடம் சுமந்துகொண்டு வந்தாளாம். எலும்பும் தோலுமாய் இருக்கிறாளாம். நீ சொன்ன கணக்குக்கு இப்போது ஏழெட்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது என்றான். அவளுக்கு அண்ணன் மாப்பிள்ளை பார்ப்பதாகவும் சொன்னான்.

நான் இனி உன் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை. இன்று காலை ஆலிம்சா முன்னால், சாட்சிகளை வைத்துக்கொண்டு, பானுவை மீட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். கடையத்து விலாசத்துக்கு எழுதினால் பரீது அவள் கையில் கொடுக்க மாட்டார். அதனால் உனக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த நிமிசமே பஸ் ஏறு. அவளிடம் படித்துக் காட்டு. என் தலையில் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல். மனு மஞ்சூராகிவிட்டது, அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன்.

அல்லாஹ்வுக்காகச் சீக்கிரம் போ, அக்கா.

துல்கர்னைன்

*

786
தென்காசி
2-11-1955

என் ராசா துல்கர்னைனுக்கு, அக்காவின் ஸலாம். வாப்பா சுகம். எனக்கும் முழங்கால் தவிர வேறு குறையில்லை. நீ இளைத்துவிட்டதாக ஆதம் வீட்டில் சொன்னார்கள். ராத்திரியில் ஒரு டம்ளர் பால் குடி.

நான் எழுதவில்லை என்று கோபப்படுகிறாய். நிச்சயமாகத் தெரிந்த பிறகு எழுது என்றவன் நீதான். மூன்றில் இரண்டு முடிந்து மூன்றாவது வராமல் போனால் யார் பொறுப்பு? முழங்கால் வலியோடு கடையத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் பானு என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்ச் சொல்லுவாள். "மதினி, அவுகளுக்கு எழுதிருவீகளா?" என்பாள். எழுதுகிறேன் என்பேன். எப்போது என்று அவள் ஒரு தடவையும் கேட்கவில்லை.

மூன்றாவது குளிப்பு அக்டோபர் எட்டாம் தேதி முடிந்தது. அன்றோடு இத்தாவும் முடிந்தது. நீ மீட்டுக்கொண்டேன் என்று சொன்னது பதினாறாம் தேதி. எட்டு நாள் தள்ளிச் சொல்லியிருக்கிறாய். இனி அவளே சம்மதித்தால் புதிதாக நிக்காஹ் செய்துதான் சேர முடியும் என்று நம் லெப்பை சொன்னார்.

உன் கடுதாசி இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் வந்தது. மறுநாள் பானுவுக்கு ஆலங்குளம் அகமது கபீரோடு நிக்காஹ். மனுசனுக்கு ஐம்பத்திரண்டு வயது, இரண்டு பெண்டாட்டி மவுத்து, ஏழு பிள்ளை. பள்ளிவாசலில் பேர் கெட்டவளுக்கு வேறு எவன் வருவான்? எனக்கும் அழைப்பு இருந்தது. கடுதாசியைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனேன். கல்யாண வீடு, ஆள் நெருக்கம். நெய்ச்சோறு பரிமாற என்னைக் கூப்பிட்டார்கள். தனியாகப் பேச ஒழிந்த நேரமே வாய்க்கவில்லை. அவளை வண்டியில் ஏற்றுகிறபோதுதான் வாய்த்தது.

படித்துக் காட்டுகிறேன் என்றேன். "தாங்க மதினி, நானே படிக்கேன்" என்றாள். அந்த டீச்சர் வீட்டுக்குத் தினமும் போனது இதற்குத்தானாம், உனக்குத் தன் கையால் ஒரு கடுதாசி எழுத வேண்டுமென்று. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். கபீர் வண்டியில் இருந்து இரண்டு தடவை இருமினார். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. கடுதாசி என்றைக்கு வந்தது என்று கேட்டாள். நேற்று என்றேன். என் முகத்தையே பார்த்தாள். "நேத்தா மதினி?" என்றாள். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

பானு மீது எந்தக் குற்றமும் இல்லை, தம்பி. இப்போது நிச்சயமாக எழுதுகிறேன். களாவையும் பாக்கியில்லாமல் வைத்த பெண். நான் குற்றம் இருக்கிறதென்று எழுதவும் இல்லையே. அந்த அருமைநாயகத்தையும் தங்கமான பையன் என்றுதானே எழுதினேன்.

என்னிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பாய். நான் ஒன்று கேட்கிறேன். பானுவைக் கூட்டிக்கொள்கிறேன், அறை பார்த்துவிட்டேன் என்று இரண்டு பக்கம் எழுதினாயே, அக்கா இனி என்ன செய்வாள் என்று ஒரு வரி எழுதினாயா? என்னைக் கட்டிய உன் மச்சான் யுத்தத்துக்கு முன்னால் ரங்கூன் போனவர். பதினாறு வருசம். உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. எனக்குத் தலாக் என்று எழுதக்கூட ஆள் இல்லை. நான் உன்னைத்தான் பிள்ளையாக வளர்த்தேன்.

மனு மஞ்சூராகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். வாப்பாவின் காலம் முடிந்ததும் நான் வருகிறேன். அறையை விட்டுவிடாதே.

உன் அக்கா,
ஹாஜரா பீவி